கேள்விப்பட்டால் போகவேண்டிய வீடு

நான் வாடகை வான் ஓடுகிறவன். தெல்லிப்பழைப் பக்கத்தில் கல்யாணம், கோயில், விமான நிலையம் என்று எதற்கும் என்னைக் கூப்பிடுவார்கள். ஆனால் ஊரில் என் வானுக்கு நிலைத்த பெயர் செத்தவீட்டு வான். மற்ற ஓட்டங்கள் என்றால் நேரம் கேட்பேன், வழி கேட்பேன், முகத்தைக் கொஞ்சம் சுளிப்பேன். செத்தவீடு என்றால் ஒன்றும் கேட்காமல் வான் திறப்பை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவேன். இதில் என் பெருந்தன்மை ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் வழக்கமே அதுதான். கல்யாணத்துக்கு வீடு தேடி வந்து சொல்லவேண்டும். சொன்ன விதம் பிடிக்காவிட்டால் போகாமல் விடலாம், விட்டதைப் பெருமையாகக் கதைத்துக்கொண்டும் திரியலாம். செத்தவீட்டுக்கு யாரும் வந்து அழைப்பதில்லை. காதில் விழுந்தால் போகவேண்டும். போகாதவன் வீட்டில் ஒன்று நடந்தால் முற்றத்துக் கதிரைகள் உட்கார ஆளில்லாமல் வெறுமையாகக் கிடக்கும்.

இந்தச் சில வருடங்களாக மக்கள் ஏன் தெருவில் இறங்குகிறார்கள், ஓரிடத்தில் தொடங்கியது எப்படி அடுத்த இடத்துக்குத் தொற்றுகிறது என்று படித்தவர்கள் நிறையக் கதைக்கிறார்கள். வானுக்குள் வானொலியில் கேட்டுக்கொண்டே ஓடுவேன். விலைவாசி என்கிறார்கள். கைத்தொலைபேசி என்கிறார்கள். இளைஞர்களின் விழிப்பு என்கிறார்கள். இருக்கலாம். என் அக்காவின் காணியில் நடந்ததைப் பார்த்தபிறகு எனக்கு அந்தப் பேச்சில் அரைவாசி நம்பிக்கை போய்விட்டது. மிச்ச அரைவாசியை நான் எதிர்த்துக் கதைக்கவில்லை. ஓட்டத்துக்கு வருகிறவர்களுடன் சண்டை பிடித்தால் பிழைக்க முடியாது.

அக்காவின் காணி மயிலிட்டிக்குப் போகும் பாதையில், ஓர் இராணுவ முகாமின் முள்வேலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அம்மா சீதனமாகக் கொடுத்த காணி. இடம்பெயர்ந்து கரவெட்டியில் அடுத்தவர் வீட்டு வளவுகளில் அவள் கழித்த காலம் நீண்டது. அத்தான் அங்கேயே கண்ணை மூடினார். காணியைத் திரும்ப விட்டபோது வீடு இருந்த இடத்தில் தரை மட்டும் மிஞ்சியிருந்தது. அதன்மேல் இரண்டு அறை எழுப்பி, கிணற்றைக் கலக்கி இறைத்து, வாழையும் கத்தரியும் வைத்து, அக்கா தன் மகளுடன் குடியிருந்தாள். அந்த வாழைகள் இரண்டாம் குலை தள்ளிய நேரத்தில்தான், காணியின் பின்பாதியை முகாமோடு சேர்க்கப்போகிறார்களாம், அளக்க வருவார்களாம் என்று ஊருக்குப் பொறுப்பான அரச அலுவலர், எங்கள் விதானையார், வந்து சொன்னார். சொல்லும்போது அவர் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

கிணறு அந்தப் பின்பாதியில்தான் இருக்கிறது. கிணறு போனால் அந்தச் செம்மண்ணில் ஒரு பயிரும் நிற்காது. முன்பாதியை வைத்துக்கொள் என்பது அவளைத் திரும்பக் கரவெட்டிக்குப் போ என்று சொல்வதுதான்.

அளக்க விடுவதில்லை என்று அக்கா முடிவெடுத்தாள். அளந்தால் வரைபடம் வரும், வரைபடம் வந்தால் அதன் பிறகு எந்த அரசாங்கக் கந்தோரிலும் வாய் திறக்க இடமிருக்காது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. குறித்த நாள் விடியற்காலை நான் போனபோது அக்கா, அவளுடைய மகளான என் மருமகள், பக்கத்து வளவுக் கணவன் மனைவி, இவ்வளவு பேர்தான் வாசல் படலையில் நின்றார்கள். நல்ல படை என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். தெருவில் இருந்து வீட்டுக்கு வரும் ஒழுங்கையின் வாசலில் கறுப்புக்கொடி கட்டவேண்டும் என்றாள் மருமகள். எதிர்ப்பு என்றால் கறுப்புத்தானே. வீட்டில் தேடினால் ஒரு முழம் கறுப்புத்துணி இல்லை. நல்லது கெட்டது பார்க்கிற எங்கள் வீடுகளில் கறுப்பை யார் வாங்கி வைத்திருக்கிறார்கள்?

"பழைய வேட்டி கிடக்குது. அதைக் கிழிச்சுக் கட்டு. உந்த ஒழுங்கைக்குள்ளை ஆர் வந்து பாக்கப்போகினம்" என்றாள் அக்கா.

நானும் மருமகளும் வேட்டியைக் கீலம் கீலமாகக் கிழித்து, ஒழுங்கை வாசலில் இருந்து படலைவரை வேலியில் கட்டினோம். எங்கள் ஊரில் ஒழுங்கை வாசலில் வெள்ளைத்துணி ஆடினால் அதற்கு என்ன பொருள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் அந்த நேரத்தில் உறைக்கவே இல்லை. அவ்வளவு பதற்றம்.

முதலில் வந்தவர் பால் கொண்டுபோகிறவர். ஒழுங்கை முகப்பில் சைக்கிளால் இறங்கி, மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கி விட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு மெதுவாக வந்தார். முகத்தில் துக்கத்தை எடுத்து வைத்திருந்தார்.

"ஆர் தம்பி மோசம் போனது?" என்று என் காதோடு கேட்டார்.

"ஒருத்தரும் போகேல்லை அண்ணை. காணி அளக்க வருகினமாம். மறிக்கப்போறம்."

அவர் வெள்ளைத்துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏமாற்றப்பட்டவரின் கோபம் அவர் முகத்தில் வந்து போனது.

"நான் துணியைக் கண்டிட்டுச் சந்தியிலை நிண்ட எல்லாருக்கும் சொல்லிப்போட்டனே" என்றார்.

அதன் பிறகு வந்தவர்களை என்னால் எண்ண முடியவில்லை. சந்தியில் கேட்டவர்கள் வந்தார்கள். அவர்களிடம் கேட்டவர்கள் வந்தார்கள். வாசிகசாலைப் பொடியன்கள் யாரும் கேட்காமலே கதிரைகளை லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்து முற்றத்தில் பரப்பினார்கள். வந்த ஒவ்வொருவருக்கும் நான் விளக்கம் சொன்னேன். ஒவ்வொருவரும் ஒரு கணம் முழித்தார்கள். பிறகு, வந்ததுக்கு இருந்துவிட்டுப் போவோம் என்று கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

மயிலிட்டியில் இருந்து வந்த ஒரு வயதான மனிசி மட்டும் விளக்கம் கேட்க நிற்கவில்லை. படலையைத் தாண்டும்போதே தலையில் கைவைத்து அழத் தொடங்கி, அக்காவைக் கட்டிப்பிடித்துவிட்டா. அக்கா காதுக்குள் விஷயத்தைச் சொன்னாள். மனிசி கேட்டா, தலையை ஆட்டினா, அழுகையை நிறுத்தவில்லை. தன் வீடு, தன் வீட்டு முற்றத்து மாமரம், வேலிக்கு அந்தப் பக்கம் இன்னும் கிடக்கிற தன் கிணறு என்று எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லி அழுதா. அவவைப் பார்த்து மற்றப் பெண்களும் தொடங்கினார்கள். எங்கள் செத்தவீடுகளில் பெண்கள் மற்றவர் பிணத்தின்மேல் விழுந்து தங்கள் பிணங்களுக்காக அழுவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு நடுவில் கிடத்த ஒன்றும் இல்லை. ஆனாலும் அழுகை குறையவில்லை. எனக்கும் கண் கலங்கியது, சொல்ல வெட்கமில்லை.

அளக்கிறவர்கள் வந்தபோது ஒழுங்கை நிறைந்திருந்தது. வாகனத்தால் இறங்கிய அளவையாளர் எங்கள் பக்கத்து இளைஞர்தான். துணியையும் சனத்தையும் கண்டவுடன் தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஆர் மோசம் போனது?" என்று அவரும் கேட்டார்.

"இன்னும் ஒருத்தரும் போகேல்லை. நீங்கள் அளந்தால்தான் இஞ்சை சா விழும்" என்றார் பால்காரர். காலையில் கோபித்துக்கொண்ட அதே மனிதர், இப்போது முன்வரிசையில்.

அளவையாளர் ஒதுங்கிப் போய்த் தொலைபேசியில் யாருடனோ கதைத்தார். திரும்பி வந்து வாகனத்தில் ஏறினார். வாகனம் பின்பக்கமாகவே ஒழுங்கையால் வெளியேறியது. ஒருவரும் கைதட்டவில்லை. செத்தவீட்டில் கைதட்டுவார்களா?

அதற்குப் பிறகும் சனம் எழும்பவில்லை. இது எனக்கு முதலில் விளங்கவில்லை, பிறகுதான் பிடிபட்டது. செத்தவீட்டில் பிரேதம் எடுத்தால் எழும்பலாம். இங்கே எதை எடுப்பது? போட்டு வாறன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பவும் யாருக்கும் நா எழவில்லை. அப்படியே மத்தியானம் தாண்டியும் இருந்தார்கள். பெரியவர் ஒருவர் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, ஒண்டு கேக்கிறன் கோவிக்காதை. இப்ப நான் வீட்டை போய் முழுகிறதோ, இல்லாட்டி அப்படியே உள்ளை போறதோ?"

எனக்குத் தெரியாது என்றேன். முழுகிவிட்டுப் போனால் ஒரு குறையும் இல்லை என்று அவரே முடிவு செய்துகொண்டார்.

இப்படித்தான் அது தொடங்கியது. இதில் விழிப்பும் இல்லை, திட்டமும் இல்லை. பிறகு பரவியதுதான் பெரிய கதை. அடுத்த மாதம் கரையோரத்தில் ஒரு கிராமத்தில் கடலுக்கு இறங்கும் பாதையை அடைக்கப் பார்த்தார்கள். அந்த மயிலிட்டி மனிசியின் சொந்தக்காரர் ஊர், அன்றைக்கு அவவோடு எங்கள் முற்றத்தில் வந்து இருந்தவர்கள். அவர்கள் ஒழுங்கை வாசலில் வெள்ளைத்துணி கட்டினார்களாம் என்று காதில் விழுந்தது. அக்கா என்னைக் கூப்பிட்டு, வானை எடு என்றாள். அவர்கள் எங்களுக்கு வந்தவர்கள், நாங்கள் போகாமல் விடலாமா? போனோம். அங்கே கரவெட்டிப் பக்கத்தில் இருந்து வந்தவர்கள் எங்களோடு இருந்தார்கள். அவர்கள் ஊரில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் சாராயக்கடை திறக்கப்போகிறார்களாம். அதற்குக் கரையோரத்தார் போனார்கள், நாங்களும் போனோம். பாதை, சாராயம், காணி, குடிதண்ணீர் என்று ஒன்றுக்கொன்று ஒரு சம்பந்தமும் இல்லை. எதற்காக அழுகிறோம் என்று கேட்காமலே வானில் ஏறுகிறவர்களும் இருந்தார்கள். நான் பின்சீட்டு மனிசிமாரைக் கண்ணாடியில் பார்த்து, "எணை, இண்டைக்கு என்னத்துக்கு எண்டு தெரியுமோ?" என்று கிண்டலாகக் கேட்பேன். "போய்ப் பாத்தால் தெரியும்தானே, நீ ஓடு" என்பார்கள்.

ஒருநாள் கொழும்பில் இருந்து ஒரு படித்தவர் வந்தார். நல்ல மனிதர், நல்ல தமிழ். மக்கள் இப்படித் திரளுவதற்குப் பின்னால் இருக்கும் அரசியல் எண்ணம் என்ன என்று அக்காவிடம் கேட்டார்.

"அவை எங்களுக்கு வந்தவை. நாங்கள் அவைக்குப் போறம்" என்றாள் அக்கா.

"அது சரி அம்மா, அதுக்கும் மேலை?"

"அதுக்கு மேலை என்ன? போகாட்டி நாளைக்கு அவையின்ரை முகத்திலை முழிக்கிறேல்லையோ?"

அவருக்கு அது போதவில்லை. இன்னும் ஏதோ ஒன்றை நாங்கள் ஒளித்து வைத்திருக்கிறோம் என்று நினைத்தவர்போலச் சுற்றும் முற்றும் பார்த்தார்.

ஆனால் எனக்கு நெஞ்சுக்குள் பயம் வளர்ந்துகொண்டே இருந்தது, அதை மறைக்கப்போவதில்லை. எங்கே போனாலும் தலைக்கவசம் போட்ட இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் எதிரே நின்று எங்கள் முகங்களைப் படம் எடுத்தார்கள். என் வான் இலக்கத்தையும் எடுத்தார்கள். ஒருநாள் வீட்டுக்கு வந்து, எங்கே எங்கே ஓடினாய், யார் ஏற்பாடு, வெளிநாட்டில் இருந்து யார் கதைக்கிறார்கள் என்று விசாரித்தார்கள். செத்தவீட்டுக்கு ஏற்பாட்டாளர் இல்லை என்று சொல்லலாம் என வாய்வரை வந்தது. சொல்லவில்லை. என் மனைவி அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். அவர்கள் போனபிறகு அவர்கள் குடித்த கோப்பைகளைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். அது என்னைத் திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

வந்தவர்களுக்கு நாங்கள் போகவேண்டும், போனவர்களுக்கு அவர்கள் வரவேண்டும் என்று அது ஒரு முடிவில்லாத சுற்றாகிவிட்டது. எதிரே நின்று படம் பிடிக்கிறவனும் இந்த வழக்கத்துக்குள் பிறந்து வளர்ந்தவனாகத்தான் இருக்கவேண்டும். எங்களை எப்போது வீட்டில் காணக்கிடைக்காது என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

கரையோரத்தில் மறுபடியும் கூட்டம் கூடிய நாள். கடலுக்கு இறங்கும் பாதையில் கம்பிவேலி போடப்போகிறார்கள் என்று விடியவே செய்தி வந்தது. அக்காவுக்கு முழங்கால் வீங்கியிருந்தது, ஏற முடியவில்லை. நான் போகாமல் நிற்கிறேன் என்றேன். அவள் விடவில்லை.

"உன்ரை வான் போகாட்டி எங்கடை ஆக்கள் என்னத்திலை போறது? எனக்கு என்ன நடக்கப்போகுது? போ."

மருமகளையும் அனுப்பினாள். பக்கத்து வளவுக்காரர்களையும் ஏற்றிவிட்டாள். பால்காரர் முன்சீட்டில் இருந்தார். ஒழுங்கையில் ஒரு குஞ்சு குருமான் மிச்சமில்லை. படலையில் நின்று கை காட்டினாள்.

நாங்கள் போன சிறிது நேரத்தில் அவர்கள் வந்திருக்கிறார்கள். அதே அளவையாளர், இந்தமுறை காவலுக்குப் பொலிசும். அக்கா படலையில் கையை அகட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். பொலிஸ்காரி ஒருத்தி மரியாதையாகவே கையைப் பிடித்து ஒரு பக்கம் இருத்தினாளாம். அவர்கள் பின்வளவுக்குப் போய்ச் சங்கிலி பிடித்து, கட்டை அடித்து, வேலையைத் தொடங்கினார்கள். வெயில் ஏறியது. அந்த அளவையாளர் வந்து, தயங்கித் தயங்கி, "அம்மா, கொஞ்சம் தண்ணி தருவியளோ" என்று கேட்டிருக்கிறார்.

அக்கா நொண்டி நொண்டிப் போய் அள்ளிக் கொடுத்திருக்கிறாள். செம்பில் வார்த்து, எல்லாருக்கும்.

இதைக் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்றுவரை ஆறவில்லை. பின்னேரம் நாங்கள் திரும்பி வந்து பின்வளவில் சிவப்பு நிறம் அடித்த கட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கிணறு கட்டைகளுக்கு அந்தப் பக்கம். கரையோரத்தில் அன்றைக்குக் கம்பிவேலி போட ஒருவரும் வரவில்லை, விடிய வந்த செய்தி எங்கிருந்து வந்தது என்று அங்கேயும் ஒருவருக்கும் தெரியவில்லை.

"அந்தக் கிணத்துத் தண்ணியையோ குடுத்தனியள்? அளக்கிறவனுக்கோ?" என்று கத்தினேன்.

"தவிச்ச வாய்க்குக் கேட்டவன். இல்லையெண்டு சொல்லேலுமே?"

"அவன் உங்கடை கிணத்தை எடுக்க வந்தவன்."

"எடுக்கமுதல் அது என்ரை கிணறுதானே. என்ரை கிணத்திலை கேட்டால் நான்தானே குடுக்கோணும்."

மருமகள் கட்டைகளைப் பிடுங்கப் போனாள். அக்கா வேண்டாம் என்றாள். கட்டை பிடுங்கினால் பிள்ளையைப் பிடிப்பார்கள், வரைபடத்தில் இருந்து பிடுங்க முடியுமா என்றாள். அன்றிரவு ஒருவரும் சாப்பிடவில்லை.

ஊர் இரண்டாகியது. எல்லாரும் போயிருக்கக்கூடாது என்றார்கள் சிலர், அதைச் சொன்னவர்களே முதலில் வானில் ஏறியவர்கள். கரையோரத்தாரால்தான் எங்கள் காணி போனது என்றார்கள். பால்காரர் வருவதை நிறுத்தினார். ஒவ்வொரு வளவும் தன் படலையைத் தானே பார்த்துக்கொள்வது என்று பேசாமலே முடிவாகியது. உண்மையைச் சொன்னால் எனக்கும் அது ஆறுதலாக இருந்தது. வான் ஒழுங்காகக் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் ஓடியது. மோட்டார் சைக்கிள்காரர் வரவில்லை. மனைவி சிரித்துப் பேசத் தொடங்கினாள். பரவுகிற எதுவும் இப்படித்தான் நிற்கும் என்று நினைத்தேன், யாரும் வந்து நிறுத்தத் தேவையில்லை, ஒரு கிணறு போதும்.

போன கிழமை காலையில் அக்காவைத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கு முழங்கால் காட்ட ஏற்றிக்கொண்டு போனேன். வழியில் அவளுடைய தொலைபேசி அடித்தது. கரையோரத்து அந்தக் கிராமத்தில் இருந்து. அங்கே ஒரு விதவைப் பெண்ணின் வளவை அளக்க ஆட்கள் வந்து வாசலில் நிற்கிறார்களாம். எங்களைக் கூப்பிட அவர்களுக்கு வாய் வரவில்லை போலும். நடப்பதை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள்.

அக்கா தொலைபேசியை மடியில் வைத்தாள். பிறகு, "வானைத் திருப்பு" என்றாள்.

நான் திருப்பவில்லை. தெருவோரத்தில் நிறுத்தி, மனதில் கிடந்த எல்லாவற்றையும் கொட்டினேன். என் மனைவி கழுவிய கோப்பைகளைச் சொன்னேன். வான் இலக்கத்தைச் சொன்னேன். அவர்களுக்குப் போனதால் நாங்கள் இழந்ததைச் சொன்னேன்.

"உங்கடை காணி போட்டுது அக்கா. அளந்தாச்சு, கட்டை அடிச்சாச்சு. இனி அவை வந்து உங்களுக்கு என்னத்தை மறிக்கிறது? இனி ஏன் போறியள்?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. வீங்கிய காலை இரண்டு கையாலும் தூக்கி ஒழுங்காக வைத்தாள்.

"அவளின்ரை இன்னும் அளக்கேல்லைத்தானே" என்றாள். "எடு வானை."